விதி என்று முதலில் சொல்வது யார்?

சாவு வீட்டில் ‘விதி’ என்ற சொல்லை முதலில் எடுப்பது யார் என்று கவனிப்பது எனக்குத் தொழில் பழக்கமாகிவிட்டது. நான் வக்கீல் குமாஸ்தா. விழுப்புரம் பக்கம், மோட்டார் வாகன விபத்து வழக்குகளை அதிகம் நடத்தும் ஓர் அலுவலகத்தில் தலை நரைத்தவன். காவல் நிலையத்தில் நகல் வாங்குவது, ஆஸ்பத்திரியில் சான்றிதழுக்கு நிற்பது, வாய்தா தேதியைக் கட்சிக்காரருக்கு நினைவூட்டுவது, மனுவுக்கு விவரம் எழுதிக்கொள்வது எல்லாம் என் வேலை. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலை எங்கள் பகுதி வழியாகத்தான் போகிறது. வேலைக்குப் பஞ்சமில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

வழக்குப் பிடிப்பதற்கென்றே சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. எங்கள் வக்கீல் அதை அனுமதிக்கமாட்டார். நான் போவது உறவு, ஊர்ப் பழக்கம் என்ற முறையில்தான். ஆனால் போன இடத்தில் யாராவது ஒருவர் என்னைத் தனியே அழைத்து, “நீங்கள் கோர்ட்டில் இருப்பவர்தானே, ஒரு வார்த்தை கேட்கவேண்டும்” என்று ஆரம்பிக்காமல் இருந்ததில்லை. அவர்கள் கேட்பதற்குள் அங்கே ‘விதி’ பலமுறை உச்சரிக்கப்பட்டிருக்கும்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பல பெயர்கள். தலையெழுத்து, தலைவிதி, கண்டம், நேரம் சரியில்லை, கொடுத்துவைக்கவில்லை, ஆயுசு அவ்வளவுதான். எல்லாமே இழப்பைச் சொல்ல வந்தவை. பையனுக்கு அரசு வேலை கிடைத்தால் அதை யாரும் விதி என்பதில்லை. அது யோகம், அதிர்ஷ்டம், பெரியவர்கள் செய்த புண்ணியம். அதே பையன் பஸ்ஸில் அடிபட்டால் விதி. நல்லது நடந்தால் அதற்கு ஒரு காரணமும் உரிமையாளரும் இருக்கிறார்கள். கெட்டதுக்குத்தான் ஆள் இல்லாமல் போகிறது. விபத்து வழக்கு என்பதே அந்த ஆளைத் தேடும் வேலை என்பதால் எனக்கு இது உறுத்தும்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். இறந்தவர் கொத்தனார், வயது 35. வேலை முடிந்து இருட்டில் மோட்டார் சைக்கிளில் திரும்பியவர், சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்பக்கத்தில் மோதிவிட்டார். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய்.

அந்த மனைவி என்னிடம் சொன்னது: “அண்ணா, பிள்ளைக்குக் காய்ச்சல், சீக்கிரம் வாருங்கள் என்று நான்தான் போன் செய்தேன்.” அடுத்த நொடியே, “என்ன செய்வது, விதி” என்றாள். இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் மூச்சுகூட விடவில்லை. அவளுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. அது இல்லையென்றால் அந்தப் போன் அழைப்பு ஆயுள் முழுக்க அவள் தலைமேல் நிற்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் பகுத்தறிவு பேசிக்கொண்டு நுழைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். “விதியாவது ஒன்றாவது, எல்லாம் மனிதர் செய்வது” என்று படித்த தம்பி ஒருவர் அந்த வீட்டிலேயே சொன்னார். மனிதர் செய்வது என்றால் போன் செய்தவள் யார்? அதை அவர் யோசிக்கவில்லை. தன் குற்ற உணர்விலிருந்து தப்ப ஒருவர் சொல்லும் விதியோடு வாதாடக் கூடாது. அதை அப்படியே விட்டுவிட்டு, செய்யவேண்டிய காரியங்களை அதன் பக்கத்தில் வைத்தால் போதும். விதி என்று நம்புகிறவர் மனுவில் கையெழுத்துப் போடக் கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆனால் காரியத்துக்கு முந்தின நாள் அதே வீட்டுக்கு இன்னொருவர் வந்தார். லாரிக்காரர் தரப்பில் பேச வந்தவர். வெள்ளை வேட்டி, கையில் பழப்பை. “அம்மா, உங்கள் விதி, எங்கள் விதி. வண்டி சும்மாதானே நின்றது? இவர் வந்து மோதினார். யாரை நொந்து என்ன? செலவுக்கு ஐம்பதாயிரம் வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். கூடவே ஒரு தாள். மேற்கொண்டு எந்த வழக்கும் நடவடிக்கையும் வேண்டாம் என்று எழுதப்பட்டிருந்தது.

மனைவி சொன்ன அதே சொல்தான். இவர் வாயில் அது வேறு வேலை செய்கிறது.

கம்பன் இதை எப்போதோ கண்டுகொண்டான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. முடிசூட்டு விழா நின்று காடு போகவேண்டும் என்றானதும் இலக்குவன் வில்லெடுக்கிறான். அவனை அமர்த்த இராமன் சொல்வது பலருக்கும் மனப்பாடம்: ஆற்றில் நீர் வற்றினால் அது நதியின் பிழை அன்று, அதுபோலத் தந்தையின் பிழையும் அன்று, தாயின் பிழையும் அன்று, பரதன் பிழையும் அன்று, ‘விதியின் பிழை, நீ இதற்கு என்னை வெகுண்டது?’ மேடையில் இதை விதிக்குச் சான்றாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். சொன்னவன் யார் என்று பார்க்கவேண்டாமா? நாட்டை இழந்தவன் சொல்கிறான். அடுத்தவர் மேல் பழி விழாமல் இருக்கவும், தம்பியின் கோபம் ரத்தத்தில் முடியாமல் இருக்கவும் சொல்கிறான். இதையே கைகேயி சொல்லியிருந்தால் எப்படி இருக்கும்? “மகனே, உன் விதி அப்படி” என்று? அந்தப் பழப்பைக்காரர் பேசியது கைகேயி வசனம்.

அன்றிலிருந்து என்றில்லை, அதற்கு முன்பிருந்தே எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. விதி என்று சொல்பவருக்கு அந்த நிகழ்ச்சியால் நஷ்டமா, லாபமா? நஷ்டப்பட்டவர் சொன்னால் அது ஆறுதல். லாபம் இருப்பவர் சொன்னால் பேரம். இரண்டும் இல்லாத உறவினர் சொன்னால், பெரும்பாலும் பேச்சை முடித்துக்கொண்டு பந்திக்குப் போகும் அவசரம்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடவேண்டாம் என்று மட்டும் அன்று சொன்னேன். பதினாறாம் நாள் முடியும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள் என்பது நான் எல்லோருக்கும் சொல்வது. “சாமி கும்பிட்டுவிட்டுச் சொல்கிறோம்” என்றால் எந்தப் பஞ்சாயத்தாரும் மறுக்கமுடியாது. நம் சம்பிரதாயம் இந்த விஷயத்தில் நல்ல கேடயம்.

பிறகு அவளுடைய அண்ணனிடம் கேட்டேன்: லாரிக்குப் பின்னால் விளக்கு எரிந்ததா? சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டியிருந்ததா? பழுதாகி நின்றதென்றால் முக்கோணமோ கல்லோ, குறைந்தபட்சம் ஒடித்த மரக்கிளையோ வைத்திருந்தார்களா? அவர் காலையில் போய் செல்போனில் எடுத்த படங்களைக் காட்டினார். ஒன்றும் இல்லை. பட்டை இருந்த இடத்தில் சேறு. வண்டியின் பாதி தார்ச்சாலையில் நின்றது. மற்றவருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ ஏற்படும் விதத்தில் வாகனத்தை நிறுத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு. வீடு முழுக்க விதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் சாலை விதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் படங்கள் வழக்கில் மிகவும் உதவின. லாரியை நகர்த்தியபின் எடுத்தால் பயனில்லை. உறவில் அழாமல் நிற்கக்கூடிய ஒருவர் இருந்தால், அவரை அன்றைக்கே சம்பவ இடத்துக்கு அனுப்புங்கள்.

அடுத்து வந்தது தாயாரின் கேள்வி. “என் பிள்ளை உயிருக்கு விலை பேசுவதா? விதியில் போனவனை வைத்துக் காசு வாங்கினால் ஒட்டுமா?” கேட்பது ஏழைகள்தான், வசதியுள்ள வீடுகளில் இந்தக் கேள்வி வந்து நான் பார்த்ததில்லை. இதற்கு நான் தத்துவம் சொல்வதில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவேன்.

மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தவர் என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில், 40 வயதுக்குள் என்றால், இனிமேல் கூடியிருக்கும் வருமானத்துக்காக 40 சதவீதம் சேர்க்கவேண்டும், 21,000 ஆகிறது. இது 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வகுத்தது. அவரை நம்பியிருந்தவர்கள் நான்கு பேர். எனவே அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழிக்கவேண்டும். மீதி 15,750. ஆண்டுக்கு 1,89,000. இந்த ஆண்டுத் தொகையை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 31 முதல் 35 வயதுவரை இறந்தவருக்கு அது 16. இந்தப் பட்டியல் 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நிலைபெற்றது. பெருக்கினால் 30,24,000 ரூபாய். அதற்குமேல் ஈமச்சடங்குச் செலவு முதலிய சில தலைப்புகள் தனி.

“இது உயிரின் விலை இல்லை அம்மா. உங்கள் மகன் இருந்திருந்தால் இந்த வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருக்கும் கூலி” என்றேன். கிழவி வெகுநேரம் தாளையே பார்த்தார். படிக்கத் தெரியாதவர். “கூலியென்றால் வாங்கலாம்” என்றார்.

தீர்ப்பில் முழுத் தொகை வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கொத்தனாருக்குச் சம்பளச் சீட்டு ஏது? மேஸ்திரியைச் சாட்சி சொல்ல அழைத்துவந்தும் வருமானத்தைக் குறைத்தே எடுத்துக்கொண்டார்கள். நின்ற வண்டியில் மோதியதால் இறந்தவர் மேலும் ஒரு பங்கு கவனக்குறைவு உண்டு என்று அதிலும் கழித்தார்கள். அப்படிக் கழித்தும் ஐம்பதாயிரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய தொகை அல்ல அது. பிள்ளைகளின் பங்கு அவர்கள் மேஜராகும்வரை வங்கியில் வைப்பு நிதியாக இருக்கிறது. அவள் இன்றைக்கும் ‘விதி’ என்றுதான் சொல்கிறாள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கூலி வேலை செய்கிறவர்கள் வருமானத்துக்கு ஏதாவது ஒரு தடயம் வைத்துக்கொள்வது நல்லது. வாரக்கூலியில் ஒரு பகுதியையாவது வங்கிக் கணக்கில் போட்டு எடுக்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்து அட்டை வாங்கிவைக்கலாம். அட்டை இருந்தால் வாரியத்தின் உதவித்தொகைக்கும் வழி உண்டு.

எதிராளியே இல்லாத விபத்துகள் இன்னொரு வகை. மாடு குறுக்கே வந்தது, மழையில் வண்டி வழுக்கியது. இங்கே விதி என்பதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன், யாரைப் பிடிப்பது? வழக்கு நிற்காது என்று வீட்டாரும் கைகழுவிவிடுவார்கள். அந்த நேரத்தில் நான் கேட்பது இரண்டே தாள்கள். ஒன்று, வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசி. வண்டி அவர் பெயரில் இருந்து, ஓட்டுநர் உரிமமும் இருந்து, பாலிசியில் உரிமையாளர் - ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருந்தால், இறப்புக்கு 15 லட்சம் ரூபாய். 2018-இலிருந்து இதுதான் தொகை. வண்டி வாங்கும்போது கடைக்காரர் சொல்லியிருக்கமாட்டார். வாங்கியவரும் பாலிசியை விரித்துப் பார்த்திருக்கமாட்டார். சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும்.

இரண்டாவது, வங்கிப் பாஸ்புக். ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ 20 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். பிடித்திருந்தால் அது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. விபத்து மரணத்துக்கு 2 லட்சம். 2022 ஜூனுக்கு முன் அது 12 ரூபாயாக இருந்தது. 436 ரூபாய் பிடித்திருந்தால் இன்னொரு திட்டம்; எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். கணக்குத் தொடங்கிய அன்று யாரோ நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி, வீட்டில் யாருக்கும் தெரியாது. பாஸ்புக்கில் பதிவு போடாமல் பல ஆண்டுகள் கிடந்தால் எனக்குக் கோபம் வரும். மெஷினில் செருகினால் அச்சாகிவிடுகிற விஷயம்.

பிழைத்திருக்க வேண்டியவர்களையும் இந்தச் சொல் சில சமயம் கொண்டுபோகிறது. அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், “ஆயுசு இருந்தால் பிழைப்பான்” என்று ஒருவர் சொல்வார், யாரும் தொடமாட்டார்கள். உண்மையில் அது போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டும் என்ற பயம். பயத்தை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருப்பதால் ஆயுசின் மேல் போடுகிறார்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு, அடிபட்டவரை நல்லெண்ணத்தோடு காப்பாற்ற முயன்றவர் மேல் வழக்கு வராது என்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் விரும்பாவிட்டால் தன் பெயரைக்கூடச் சொல்லவேண்டியதில்லை. 108-ஐ அழைத்தவருக்கும் அப்படியே. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைத்த ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் பணம் கட்டவேண்டாம். வெளி மாநிலத்தவருக்கும் உண்டு. பணம் கட்டமுடியாமல் ஊர் மாற்றித் தூக்கிக்கொண்டு போய் வழியில் இழந்த கதைகள் அதற்கு முன் எங்கள் கோப்புகளில் எத்தனையோ.

ஜாதகத்தோடு வருகிறவர்களும் உண்டு. வழக்கு எப்போது முடியும் என்று வக்கீலிடம் கேட்பதற்கு முன் ஜோசியரிடம் கேட்டிருப்பார்கள். ஜோசியர் சொன்ன மாதம் பெரும்பாலும் வக்கீல் சொன்னதைவிடப் பக்கத்தில் இருக்கும். அதனால் அவர்மேல் நம்பிக்கை அதிகம். கேலி செய்யமாட்டேன். எங்கள் அலுவலகத்திலேயே ராகு காலம் பார்க்காமல் மனு கிளம்பாது. ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு: நேரம் சரியில்லை என்று ஜோசியர் சொன்னார், தை பிறக்கட்டும் என்று யாராவது சொன்னால் அன்றைக்கே உட்காரவைத்துப் பேசிவிடுவேன்.

காரணம் இருக்கிறது. 1988-இல் சட்டம் வந்தபோது இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு இருந்தது. 1994-இல் அதை எடுத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து வந்த மனுக்களையும் நாங்களே தாக்கல் செய்திருக்கிறோம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போகவேண்டும். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பிச் சும்மா இருப்பது புத்திசாலித்தனம் ஆகாது. காரியம், முப்பது, திவசத்துக்கான ஏற்பாடு என்று துக்கத்தின் நாட்காட்டியில் ஆறு மாதம் போவதே தெரியாது. முன்பு, “எல்லாம் விதி” என்று ஒரு வருடம் உட்கார்ந்தவருக்கும் வழி இருந்தது.

வள்ளுவரிடம் போனாலும் அவர் நம்மை ஒரு பக்கமாக நிற்கவிடுவதில்லை. ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று 380-ஆம் குறளில் கேட்டவர், 620-இல் ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’, அதாவது விதியையும் புறமுதுகிடச் செய்வார்கள் என்கிறார், தளராமல் முயல்கிறவர்களைப் பற்றி. முன்னதைச் சாவு வீட்டுக்கும் பின்னதை நீதிமன்றத்துக்கும் என்று நான் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். புலவர்கள் ஏற்பார்களா, தெரியாது. என் தொழிலுக்குச் சரியாக வருகிறது.

மனுவுக்கு என்னென்ன தேவை என்று கேட்பவர்களுக்கு: முதல் தகவல் அறிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனைச் சான்று அல்லது காயச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, வயதுக்கும் வருமானத்துக்கும் ஆதாரம். காயம்பட்டவர் என்றால் மருந்துக்கடைச் சீட்டுவரை எல்லா ரசீதும் வேண்டும். போலீஸார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை, இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவேண்டும் என்று 2022-இலிருந்து நடைமுறை இருக்கிறது. அனுப்பிவிட்டார்களா என்று நிலையத்தில் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. விபத்து வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போய்விட்டால், மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் தரும் திட்டம் தனியாக இருக்கிறது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். பெண்களுக்கு இலவச உதவிக்கு வருமான வரம்பு கிடையாது. காலையில் போனால் கூட்டம் குறைவு. ஆதார் அட்டை நகல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்க்கடையில் நகலுக்கு அதிகம் கேட்கிறார்கள்.